குட்டிக் கன்னம்

“அது சிரிக்குதா?” என்று ஒருநாள் எப்சிபா டீச்சர் இசக்கியிடம் கேட்டார். வாயால் அல்ல, கையால்.

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் இசக்கி மாட்டியிருந்தது அங்கே கொடுத்த மூக்குக்கண்ணாடி. எதிரே இருப்பவரின் கையசைவைப் படித்துக் காதுக்குள் வார்த்தையாகச் சொல்லும். அது, “அது சிரிக்கிறது” என்று சொன்னது. சரி, ஏதோ சொல்கிறார் என்று இசக்கி தலையை ஆட்டிவைத்தாள்.

பக்கத்தில் நின்ற டீச்சரின் கணவர் தனராஜ் சிரித்துவிட்டார்.

“அவ சொல்லல மேடம், கேள்வி கேக்குதா. அந்தக் கண்ணாடி கையை மட்டுந்தான் படிக்கும். கேள்வி புருவத்துல இருக்கு. புருவம் ஏறுச்சுன்னா கேள்வி, ஏறலன்னா சேதி. அதைக் கழட்டி வைங்க. நான் இருக்கேன்லா.”

இசக்கி கண்ணாடியைக் கழற்றினாள். டீச்சரின் இரண்டு புருவங்களும் இன்னும் ஏறியபடியே இருந்தன. பதில் வரும்வரை இறங்காது போலிருந்தது.

அவர் கேட்டது கண்ணாடிக் கிண்ணத்துக்குள் கிடந்த குட்டியைப் பற்றி. புளியங்கொட்டையில் பாதி இருக்கும். கொஞ்சம் எச்சில் சுரப்பி, அதற்குள் முகத்தில் இருப்பது போலவே கிளை பிரியும் நூல்போல ஒரு நரம்பு, ஒரு கிளையின் நுனியில் துளி தசை. எல்லாம் டீச்சரின் எச்சிலில் இருந்த உயிரணுக்களை எடுத்து வளர்த்தவை. ஆய்வுக்கூடத்தின் கணக்கில் அதற்கு நீளமான பெயர் உண்டு. அங்கே வேலை செய்பவர்கள் குட்டிக் கன்னம் என்பார்கள். அவசரத்தில் வெறும் குட்டி.

குட்டியின் நரம்பை நிமிடத்துக்கு ஒருமுறை மின்சாரம் மெதுவாகத் தட்டும். தட்டியதும் நுனியில் இருக்கும் தசை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் யாரோ உதட்டோரத்தில் சிரிப்பை அடக்குவது போல இருக்கும். அது சிரிப்பு இல்லை என்று இசக்கிக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் புருவங்களைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

“ஆமா” என்றாள்.

டீச்சர் தன் வலது கன்னத்தில் சுண்டுவிரலை வைத்துத் திருகினார்.

“அது என்ன?” என்று இசக்கி தனராஜைக் கேட்டாள்.

“அவ சிரிச்சா வலது கன்னத்துல குழி விழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அவளைக் கூப்பிடுததே ஆள்காட்டி விரலை அந்த இடத்துல வச்சுத்தான். அதுதான் அவ பேரு. இப்ப சுண்டுவிரலை வச்சுக் குட்டிக்கும் பேரு வச்சுட்டா.”

குட்டிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி. இசக்கி அதையும் சொல்லவில்லை.

எப்சிபா டீச்சர் பாளையங்கோட்டைப் பக்கம் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். அவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. காதுக்குள் கருவி பொருத்திக் கேட்கவைக்கிற வசதியெல்லாம் வந்த பிறகும், அது பொருந்தாத பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் அங்கே வந்தார்கள். தனராஜ் பள்ளி வேனில் இருந்தார். வேன் தானாக ஓடும், பிள்ளைகள் தானாக ஏறமாட்டார்களே என்று பள்ளிக்கூடம் அவரை வைத்துக்கொண்டிருந்தது.

டீச்சரின் வலது காதுக்கு முன்னால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலியில்லை. பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். நாள் முழுக்க முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் அல்லவா?

அறுவை மருத்துவர் ஞானதுரை முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். “எச்சில் சுரப்பியில வர்ற கட்டி முப்பது தினுசுக்கு மேல இருக்கு. நுண்ணோக்கியில பாத்தா பாதி ஒண்ணுபோலவே தெரியும். சாதுன்னு நெனச்சது கடிக்கும், கடிக்கும்னு நெனச்சது சாதுவா கெடக்கும். டீச்சருக்கு வந்திருக்கது நான் பாத்ததே இல்ல. பாத்தவங்களைத் தேடினேன், உலகம் பூரா சேத்தாலும் ஒரு ஆட்டோவுல ஏத்திரலாம்.”

“அதனால என்ன சார்? எடுத்துட வேண்டியதுதான?” என்றார் தனராஜ்.

“எடுக்கது பெரிசில்ல. முகத்தை அசைக்குத நரம்பு அந்தச் சுரப்பிக்கு நடுவுலதான் போகுது. உள்ள நுழைஞ்சு விரல் மாதிரி பிரியும். நெத்திக்கு, கண்ணுக்கு, கன்னத்துக்கு, உதட்டுக்குன்னு. சில கட்டி அந்த நரம்பைப் பிடிச்சுக்கிட்டே ஊர்ந்து போகும். அப்படின்னா நரம்போட சேத்து எடுக்கணும். விட்டா பல வருஷம் கழிச்சு மண்டைக்குள்ள வந்து நிக்கும். ஊராத கட்டின்னா நரம்பை விட்டுட்டு உரிச்சு எடுத்திரலாம்.”

“ஊருமா ஊராதான்னு…”

“பேர் தெரிஞ்ச கட்டின்னா புஸ்தகம் சொல்லிரும். இதுக்குப் புஸ்தகம் இல்ல. அதான் குட்டி வளத்து, அதுக்குள்ள இந்தக் கட்டியில ஒரு துளி வச்சு, வேகமா ஓட்டிப் பாக்கோம். இவங்களுக்குப் பல வருஷம் கழிச்சு என்ன நடக்குமோ அது குட்டிக்குக் கொஞ்ச நாள்ல நடந்திரும்.”

தனராஜ் மனைவியின் பக்கம் திரும்பிக் கையை மூன்று முறை அசைத்தார். டீச்சர் அவர் முழங்கையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

“என்னங்கிறாங்க?” என்றார் டாக்டர்.

“அவ்வளவு நேரம் பேசுனாரு, நீ மூணு வார்த்தைதான் சொல்லுத, மிச்சத்தைத் தின்னுட்டியாங்கிறா சார்.”

எச்சில் எடுக்க வந்த நாளில்தான் இசக்கிக்கு டீச்சரைப் பிடித்துப்போனது. பஞ்சை வாயில் வைத்து எடுக்க வேண்டும் என்பது முறை. பயந்து வருகிறவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும், பஞ்சு நனையாது. இசக்கி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி எதிரே வைத்துவிடுவாள். பார்க்க மட்டும்தான், தின்னக் கூடாது. டீச்சர் அதைப் பார்த்தார். எச்சில் ஊறியது. பஞ்சு நனைந்தது. இசக்கி குழாயை மூடுவதற்குள் மாங்காயைக் காணோம். டீச்சர் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

குட்டி வளர்ந்த பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் அதைப் பார்க்க வருவது வழக்கமாகிவிட்டது. நோயாளிகள் அந்த அறைக்கு வருவதில்லை. வரக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கவும் இல்லை, அப்படி யாரும் கேட்டதே இல்லை. இசக்கி ஒரு நாற்காலி போட்டாள். அவள் அதிகம் பேசத் தெரியாதவள். நாலு பேர் கூடிய இடத்தில் என்ன சொல்லலாம் என்று யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு ஊருக்குப் போய்விடும். டீச்சரோடு அப்படி இல்லை. அவர் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். இசக்கி தட்டுத்தடுமாறி விரல்களை மடக்கி நீட்டி ஏதோ சொல்வாள். தவறாக இருந்தால் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஒருமுறை, வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லப்போய், வீட்டில் யானை வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். தனராஜ் அதை வேனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு மதியம் திரையில் சிவப்பு விழுந்தது.

நரம்பை மின்சாரம் தட்டுவதும், தசை அசைந்ததா என்று பார்ப்பதும் மெஷினின் வேலை. அசைந்தால் பச்சை. அசைவு குறைந்துகொண்டே போய் நின்றுவிட்டால் சிவப்பு. சிவப்பு என்றால் கட்டி நரம்பைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த ஆஸ்பத்திரியில் பல வருடமாகச் சிவப்பு என்றால் நரம்போடு வெட்டு, பச்சை என்றால் உரிப்பு. யாரும் தகராறு செய்ததில்லை.

டாக்டர் தன் அறையில் அதைச் சொன்னபோது தனராஜின் கை எழவில்லை. டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார், டாக்டர் முகத்தைப் பார்த்தார், பிறகு இசக்கியின் முகத்தைப் பார்த்தார். மூன்று பேரிடமும் படித்து முடித்தாகிவிட்டது. தனராஜ் தாமதமாகக் கையைத் தூக்கியபோது அதைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு, தானே பேசினார். தனராஜ் தரையைப் பார்த்துக்கொண்டும் நிமிர்ந்து மனைவியைப் பார்த்துக்கொண்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.

“கேள்வி என் புருவத்துல இருக்குங்கிறா. பெரிசா சின்னதாங்கிறது கன்னத்துல. கோவம், விளையாட்டு, பொய் எல்லாம் உதட்டுல. பாதி முகம் போச்சுன்னா, பாதி அழிச்ச போர்டுல பாடம் நடத்துத மாதிரி. பிள்ளைகளுக்கு என்ன புரியும்ங்கிறா. என் பேரே அந்தக் கன்னத்துலதான இருக்குங்கிறா.”

“உயிரு பெரிசும்மா” என்றார் டாக்டர்.

தனராஜ் அதைக் கையால் சொல்லவில்லை. சொல்லாமலே டீச்சருக்குப் புரிந்தது. தலையசைத்துச் சம்மதித்தார். எழுந்தபோது சுண்டுவிரலைக் கன்னத்தில் வைத்து, இரண்டு புருவத்தையும் உயர்த்தி இசக்கியைப் பார்த்தார். ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேனே?

திரையில் பார்க்க ஒன்றுமில்லை. சிவப்புதான் இருந்தது. இசக்கி கிண்ணத்தின் மேலிருந்த லென்சைத் திறந்துகொடுத்தாள். மெஷின் வந்த பிறகு அதில் கண்ணை வைத்துப் பார்ப்பவர்கள் இல்லை. அதன்மேல் துணி போட்டு மூடி, துணியின்மேல் தேநீர் தம்ளர் வைத்திருந்தார்கள்.

டீச்சர் குனிந்தார். கிண்ணத்தின் அடியில் சின்ன விளக்கு மினுங்கியது. மின்சாரம் தட்டியாகிவிட்டது. திரையில் சிவப்பு. அடுத்த நிமிடம் மறுபடியும். மறுபடியும் சிவப்பு. டீச்சர் நிமிரவில்லை. தனராஜ் அவர் தோளைத் தொட்டார். தோளைக் குலுக்கி அந்தக் கையைத் தள்ளினார்.

ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தவர் இசக்கியின் மணிக்கட்டைப் பிடித்து லென்சின் முன்னால் இழுத்தார். இசக்கி பார்த்தாள். விளக்கு மினுங்கியது. தசை அப்படியே கிடந்தது. அவள் கண்ணை எடுக்கப்போனாள். டீச்சரின் கை அவள் பிடரியில் இருந்தது. இரு என்று அழுத்தியது.

அப்போது அசைந்தது. கண்ணை மூடித் திறக்கும் நேரம் கழித்து, முழுசாக, முதல் நாள் அசைந்தது போலவே உதட்டோரம் இழுத்துக்கொண்டது.

“அண்ணாச்சி, டீச்சருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க” என்றாள் இசக்கி.

டீச்சர் கைகளை வீசிச் சொன்னார். தனராஜ் இந்தமுறை எதையும் விழுங்கவில்லை.

“வகுப்புல கூச்சப்படுத பிள்ளை ஒண்ணு எப்பவும் இருக்குமாம். கேள்வி கேட்டா பேந்தப் பேந்த முழிக்கும். தெரியலபோலன்னு டீச்சர் அடுத்த பிள்ளைகிட்ட திரும்புன பொறகுதான் பதில் சொல்லும். டீச்சரு பாத்திருக்க மாட்டா. அதனால இவ திரும்பவே மாட்டாளாம். குட்டியும் அப்படித்தானாம். செத்துப்போகல, கூச்சப்படுதுங்கிறா. உங்க மெஷினுதான் சட்டுன்னு திரும்பிக்கிடுதுங்கிறா.”

இசக்கி ஓடினாள். டாக்டர் வந்து லென்சில் பார்த்தார். இரண்டு முறை, மூன்று முறை பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

“நரம்பைத் தின்னிருந்தா அசைவு தேஞ்சு போயிரும். இது தேயல, பிந்தி வருது. அப்ப கட்டி நரம்பைத் தின்னல, நெருக்குது. பஸ்ல கூட்டத்துல மாட்டுனவன் இறங்க லேட்டாகுத மாதிரி. மெஷின் தட்டுனதும் ஒரு கணம் பாத்துட்டுக் கண்ணை மூடிரும். சாதாரணக் கட்டிகளை வச்சுத்தான அந்தக் கணக்கு போட்டது. அந்தக் கட்டிகளுக்கு அது போதும்.”

“அப்ப வெட்ட வேண்டாமா சார்?” என்றார் தனராஜ்.

“நிச்சயமாத் தெரியணும். நெருக்குதுன்னு நெனச்சு விட்டுட்டு, உள்ள ஒரு ஓரமா ஊர்ந்திருந்தா?” டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார். “குட்டியை நிறுத்திட்டு, சீவிப் பாக்கணும். நரம்பைக் குறுக்கால மெல்லிசா சீவி நுண்ணோக்கியில வச்சா தெரிஞ்சிரும். இன்னொரு குட்டி வளக்க மறுபடியும் மாசக்கணக்காகும். இதுக்கு மேல கட்டி பொறுக்காது.”

தனராஜ் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். டீச்சரின் புருவங்கள் மெதுவாக ஏறின.

“அதுக்கு வலிக்குமாங்கிறா.”

“வலி தெரியணும்னா தலை வேணும். அதுக்குத் தலை கிடையாது” என்றாள் இசக்கி. எல்லாரும் சொல்லும் பதில். படித்தபோது அவளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

டீச்சர் யோசித்தார். பிறகு கேட்டது கோபமாக இல்லை. ஒரு பிள்ளையின் கணக்கில் தவறைக் காட்டுவது போல இருந்தது.

“சிரிக்க மட்டும் தலை வேண்டாமாங்கிறா. அன்னைக்கு ஆமான்னு சொன்னீங்கள்லா, அதான் கேக்குதா.”

டீச்சர் காத்திருந்தார். இந்தமுறை தானே முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கிண்ணத்தின் அருகே போய், வலது கன்னத்தை உப்பவைத்து, உள்ளேயிருந்து நாக்கால் தள்ளி, பிள்ளைகளுக்குக் காட்டும் வேடிக்கை முகம் ஒன்றைக் காட்டினார். விளக்கு மினுங்கியது. கொஞ்சம் பிந்திக் குட்டி அசைந்தது. டீச்சர் தனராஜின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

சீவுகிற வேலை இசக்கியுடையது. அவள் முதலில் மின்சாரத்தை நிறுத்தினாள். விளக்கு அணைந்தது. உறையவைக்கும் திரவத்தை எடுத்துக்கொண்டு வந்தவள், என்ன தோன்றியதோ, கடைசியாக ஒருமுறை லென்சில் கண்ணை வைத்தாள்.

யாரும் தட்டவில்லை. தசை அசைந்தது. ஒரே ஒருமுறை, உதட்டோரம் இழுத்துக்கொண்டது.

கிண்ணத்தில் மிச்சமிருந்த மின்சாரமாக இருக்கலாம். தசைகள் சிலநேரம் அப்படித் தானாகத் துடிப்பதும் உண்டு. இசக்கி கொஞ்சநேரம் காத்திருந்தாள். அதன்பிறகு அது அசையவில்லை. அவள் திரவத்தை ஊற்றி வேலையைத் தொடங்கினாள். விரல் பிசகினால் சீவல் கோணிவிடும்.

நுண்ணோக்கியில் நரம்பின் வெட்டு முகங்கள் வட்ட வட்டமாக, சுத்தமாகத் தெரிந்தன. கட்டி சுற்றிலும் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே நுழையவில்லை. ஒரு கிளையில் மட்டும், முகத்தில் நெற்றிக்குப் போக வேண்டிய மெல்லிய கிளையில், கட்டியின் உயிரணுக்கள் நாலைந்து நரம்பின் உறைக்குள் சாய்ந்திருந்தன.

“இந்த ஒண்ணை எடுத்திரணும். மத்ததெல்லாம் அவங்களுக்கே” என்றார் டாக்டர். பிறகு போகாமல் நின்றுகொண்டிருந்தார். “இசக்கி, முன்னாடி சிவப்பு விழுந்து நரம்பை வெட்டுனதெல்லாம்…”

“மெஷின் பாக்காததைப் பதிஞ்சு வைக்காது சார்.”

அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு குட்டியையும் அவரே வந்து லென்சில் பார்க்க ஆரம்பித்தார். மெஷின் கணக்கைத் திருத்தச் சொல்லி அதைத் தயாரித்தவர்களுக்கு எழுதினார். திருத்தி வந்த பிறகும் லென்சை விடவில்லை. துணியும் தம்ளரும் அலமாரிக்குப் போய்விட்டன.

அறுவை முடிந்து டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். மழை விட்ட ஒரு பிற்பகலில் இசக்கி அங்கே போனாள். கையில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய் ஒரு பொட்டலம். சொல்ல ஒரு விஷயமும் இருந்தது. அதை அவள் ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம்கூட.

தனராஜ் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வாங்க மேடம். வீட்டுக்கு யானை வந்துச்சா?”

“தினமும் வருது அண்ணாச்சி.”

சிரித்துக்கொண்டே அவர் அவளை வகுப்பு வாசலுக்குக் கூட்டிப்போனார். உள்ளே பிள்ளைகள் அரைவட்டமாக உட்கார்ந்து டீச்சரிடம் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இசக்கி பார்த்தாள். ஏதோ வித்தியாசமாக இருந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் இடது புருவம் மட்டும் ஏறியது. வலது புருவம் அப்படியே கிடந்தது.

“அவளுக்கு வலது புருவம் ஏறாதுல்லா” என்றார் தனராஜ் தாழ்ந்த குரலில். “இதுக அதைப் பாத்துப் பாத்து ஒத்தப் புருவந்தான் கேள்வின்னு வச்சுக்கிடுச்சு. புதுசா சேந்த பிள்ளைகளுக்கு வேற மாதிரி உண்டுன்னே தெரியாது. கண்ணாடி முன்னால நின்னு பழகுதுக. எனக்குத்தான் சரியா வரமாட்டேங்குது. ரெண்டும் ஏறிருது. வீட்டுல திட்டு.”

சுவரில் விளக்கு மூன்று முறை மினுங்கியது. அங்கே அதுதான் மணி. பிள்ளைகள் தபதபவென்று வெளியே ஓடினார்கள். டீச்சர் இசக்கியைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. வலது கன்னத்தில் குழி விழுந்தது. மாங்காய்ப் பொட்டலத்தை வாங்கி மோந்துபார்த்து மேசையில் வைத்தார்.

பிறகு சுண்டுவிரலைத் தன் கன்னத்தில் வைத்துத் திருகினார். இடது புருவம் ஏறியது.

அது சிரித்ததா?

இசக்கி சொல்ல வந்தது அதைத்தான். வழியெல்லாம் கைகளால் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தாள். விளக்கு அணைந்த பிறகு, யாரும் தட்டாமல், தானாக, ஒருமுறை. எல்லாவற்றுக்கும் சைகை தெரியும். இப்போது விரல் ஒன்றும் எழவில்லை. அது மிச்ச மின்சாரமாக இருந்தால் டீச்சருக்குப் பொய்யான ஆறுதல். இல்லையென்றால் என்ன என்பதை அவளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

டீச்சர் திரும்பவில்லை. அடுத்த வகுப்புக்கான விளக்கு மினுங்கியது. தனராஜ் செருமியது இசக்கிக்கு மட்டும் கேட்டது. ஒற்றைப் புருவம் ஏறியபடியே இருந்தது.

இசக்கியின் உதட்டோரம் இழுத்துக்கொண்டது. ஒரே ஒருமுறை, பிந்தி. அவளை யாரும் தட்டவில்லை.

பதில் வந்துவிட்டது போலப் புருவம் இறங்கியது. டீச்சர் அவள் முகத்தை இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார். பிள்ளைகள் தன் பெயரைச் சொல்வது போல, ஆள்காட்டி விரலால் இசக்கியின் கன்னத்தில் லேசாகத் தொட்டார். பிறகு அடுத்த வகுப்புக்கு நடந்தார். இரண்டு கைகளும் சும்மாதான் இருந்தன.